கஸ் நோவிட்ஸ்கியின் கம்பம்

லொரேன் தன் வீட்டு முன் புல்வெளியில் 'வேண்டாம்' என்ற பலகையை நட்டதும், தெருவே அவளை ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்தது. வேறு யாராவது நட்டிருந்தால் கஞ்சப் பிசினாரி, புட்பால் தெரியாத ஜென்மம் என்று திட்டிவிட்டுப் போயிருப்பார்கள். நட்டவள் லொரேன் நோவிட்ஸ்கி ஆயிற்றே! பனி கொட்டினாலும் ஒரு ஆட்டத்தைக்கூட விடாதவள், கல்யாணக் கேக்கையே ஸ்டோக்கர்ஸ் அணியின் பச்சையிலும் கறுப்பிலும் செய்யச் சொன்னவள். வரிப் பணத்தில் புது ஸ்டேடியம் கட்டலாமா என்று ஊரில் வாக்கெடுப்பு வருகிற நேரத்தில் அவளே வேண்டாம் என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

எல்மர் தன் வண்டியை நடுத்தெருவில் நிறுத்திக் கண்ணாடியை இறக்கினான். ஸ்டேடியத்தில் அவளுக்குப் பக்கத்து இருக்கைக்காரன் அவன். அவளுடைய செத்துப்போன புருஷன் கஸ்ஸோடு ஒரே ஆலையில் குப்பை கொட்டியவன்.

"ஏ லொரேன்! காத்துல பலகை மாறி வந்து விழுந்துருச்சா?"

"இல்ல. நானேதான் நட்டேன்."

"வெளையாடாத. புது ஸ்டேடியம் கட்டலேன்னா டீம் ஊரை விட்டுப் போயிரும்னு முதலாளி சொல்றான், தெரியுமா?"

"போகட்டுமே. அவன் பணக்காரன்தானே, அவன் காசுல கட்டிக்கட்டும். நான் பால் வாங்கறப்பவும் சோப்பு வாங்கறப்பவும் அவனுக்கு எதுக்கு வரி அழணும்?"

எல்மர் வாயைப் பிளந்தான். "கஸ் இருந்தா உன்னை வீட்டை விட்டே துரத்தியிருப்பான்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

கஸ் இருந்தால்! கஸ் இருக்கிறானே, அதுதானே பிரச்சினை. புது ஸ்டேடியம் வந்தால் பழையதை இடிப்பார்கள். பழைய ஸ்டேடியத்தில்தான் கஸ் இருந்தான். மேல்தட்டில், படிக்கட்டை ஒட்டிய அவனுடைய இருக்கைக்குப் பக்கத்தில், கைப்பிடியைத் தாங்கிய ஒரு இரும்புக் குழாய்க் கம்பத்துக்குள் அவன் அஸ்தியாக இருந்தான். இந்த உலகத்தில் அது லொரேனைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

அந்தக் கம்பத்தின் மூடி எந்தக் காலத்திலோ கழன்று போய்விட்டது. கஸ் உயிரோடு இருந்தபோது அதுதான் அவனுக்குக் குப்பைத்தொட்டி. வேர்க்கடலையை உடைத்து உடைத்துத் தோலை அந்தக் குழாய்க்குள் போடுவான். "உள்ள எவ்ளோதான் போகுதுன்னு பாக்கறேன்" என்பான். ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில், மூச்சு வாங்க வாங்க அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னைக் கல்லறைல போட்டுராத லொரேன். அங்க ஒரு பயலுக்கும் ஸ்கோர் தெரியாது. என் சீட்டுலயே விட்டுரு" என்றான். சிரிக்கவும் முயன்றான், பாவம், இருமல்தான் வந்தது.

எங்கள் ஊரில் இப்படிக் கேட்டுச் செத்தவர்கள் நிறையப் பேர். சிலரைப் பிள்ளைகள் சட்டைப்பையில் கொண்டுபோய் மைதானத்துப் புல்லில் தூவிவிட்டு, காவலாளியிடம் அடியும் வாங்கியிருக்கிறார்கள். ஆனால் கஸ்ஸின் மகன் டென்னி வேறு மாதிரி. கோயிலே கதி என்று கிடப்பவன். அஸ்தியைப் பிரிக்கக் கூடாது, தூவக் கூடாது, மந்திரித்த மண்ணில்தான் வைக்க வேண்டும் என்று ஃபாதர் சொன்னால் அவனுக்கு அது கடவுளே சொன்ன மாதிரி. நோவிட்ஸ்கிக் குடும்பத்துக் கல்லறையில் இடம், கல், பூசை எல்லாவற்றுக்கும் அவனே ஏற்பாடு செய்துவிட்டான்.

லொரேன் என்ன செய்வாள்? ஒரு பக்கம் புருஷனுக்குக் கொடுத்த வாக்கு, மறுபக்கம் பெற்ற பிள்ளை. அடக்கத்துக்கு முந்தின நாள், கார் கொட்டகையில் கஸ்ஸின் கரியடுப்பு கண்ணில் பட்டது. ஆட்டத்துக்கு முன்னால் ஸ்டேடிய வாகன நிறுத்தத்தில் சாசேஜ் சுடுகிற அடுப்பு அது. கடைசியாகச் சுட்ட கரிச்சாம்பல் அதில் அப்படியே கிடந்தது. அவள் கஸ்ஸைப் பிளாஸ்டிக் பைகளுக்கு மாற்றினாள். அடுப்புச் சாம்பலைக் கலசத்தில் நிரப்பினாள். மறுநாள் ஃபாதர் அதன்மேல் தீர்த்தம் தெளித்தார். டென்னி அந்தக் கலசத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். லொரேனுக்குத் தரை பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

அடுத்தடுத்த ஆட்டங்களில் பைகளை ஸ்வெட்டருக்குள் மறைத்துக் கொண்டுபோய், கூட்டம் எழுந்து கத்துகிற நேரமாகப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கஸ்ஸைக் குழாய்க்குள் இறக்கினாள். அதிலிருந்து அவளுக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது. கஸ்ஸின் இருக்கைக்கும் சேர்த்தே டிக்கெட் வாங்குவாள், அதில் அவள் கோட்டுதான் உட்கார்ந்திருக்கும். பீர் வாங்கியதும் முதல் மடக்கைக் கம்பத்துக்குள் ஊற்றுவாள். "குடிங்க" என்பாள். ஆட்டம் சூடு பிடித்தால் இன்னொரு மடக்கு. எல்மர், "குழாய்க்கு ஊத்தற பீரை எனக்கு ஊத்துனாப் புண்ணியமாவது கிடைக்கும்" என்று கிண்டல் செய்வான். செத்தவன் ஞாபகமாக ஏதோ செய்கிறாள் என்று மட்டும்தான் அவன் நினைத்தான்.

டென்னி ஸ்டேடியம் பக்கமே வரமாட்டான். அப்பா இல்லாத இடத்தில் உட்கார முடியாது என்பான். ஞாயிறு பூசை முடிந்ததும் கல்லறைக்குப் போய்விடுவான். மனைவி விட்டுப் போனதை, வேலை போனதை, முட்டி வலியை எல்லாம் அங்கேதான் சொல்லுவான். லொரேன் ஒருமுறை பின்னால் போய் அதைக் கேட்டுவிட்டு, சத்தமில்லாமல் திரும்பி வந்தாள். அதற்கப்புறம் அந்த உண்மையைச் சொல்கிற தைரியம் அவளுக்கு எங்கிருந்து வரும்?

அந்த டென்னிக்குத்தான் புது ஸ்டேடியம் வேண்டியிருந்தது. உயரத்தில் ஏறி இரும்பு உத்தரங்களைப் பூட்டுகிற வேலை அவனுடையது. ஊரில் ஒரு பெரிய கட்டடம் எழும்பி வெகு காலமாகிவிட்டது. எங்கெங்கோ ஓட்டிக்கொண்டு போய் வேலை பார்த்து, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா வீட்டு மாடிக்குத் திரும்புவான். ஸ்டேடியம் வந்தால் அவனுக்கும் அவன் யூனியன்காரர்களுக்கும் பல வருஷம் உள்ளூரிலேயே வேலை.

அந்த வெள்ளிக்கிழமை வந்தவன், பலகையைப் பார்த்துவிட்டு உள்ளே நுழைந்தான். லொரேன் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, வெளில இருக்கறது என்னது?"

"கண்ணு தெரியலையா? சாப்பிடு, ஆறிரும்."

"எனக்கு வேலை வேணாமா? சொல்லு. மோட்டல் மோட்டலாப் படுத்து முதுகு ஒடைஞ்சு போச்சு. இங்கயே வேலை வருது, நீ வேணாங்கற."

"ஸ்கூல் கூரை ஒழுகுதுடா. லைப்ரரிய வாரத்துல பாதி நாள் பூட்டி வச்சிருக்காங்க. இதுல கோடீஸ்வரனுக்கு நாம மாளிகை கட்டித் தரணுமா?"

"நீ லைப்ரரிக்குப் போனதே இல்ல!" டென்னி தட்டைத் தள்ளினான். "நெசமாச் சொல்லு, என்ன காரணம்? என்னமோ இருக்கு. உன் மூஞ்சியே சரியில்ல."

லொரேன் எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தபடி நின்றாள். வாய் வரைக்கும் வந்தது. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. சொன்னால், கல்லறையில் முட்டி போட்டு அழுதவன் முகம் என்னவாகும்? "ஒரு காரணமும் இல்ல. நியாயம்னு பட்டுச்சு" என்றாள்.

டென்னி சாப்பிடாமல் மாடிக்குப் போய்விட்டான்.

அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. வாக்கெடுப்புக்கு முன்னால் கவுண்டி என்கிற மாவட்ட அலுவலகத்தில் பொதுக்கூட்டம் போட்டார்கள். முதலாளி அனுப்பிய கோட்டுசூட்டுக்காரர்கள் பளபளவென்று படம் காட்டினார்கள். கண்ணாடிக் கூரை, பெரிய மனிதர்களுக்கு மெத்தை போட்ட அறைகள், சுற்றிலும் கடைகள். சாசேஜ் சுட இடம் எங்கே என்று தேடினால் அந்தப் படத்தில் காணோம். பொதுமக்கள் பேசலாம் என்றதும் லொரேன் எழுந்தாள்.

"பழைய ஸ்டேடியத்துக்கு என்ன கேடு வந்துச்சு? சொல்லுங்க. மழை பெய்ஞ்சா நனையறோம். பனி பெய்ஞ்சா வெறைக்கறோம். எங்களுக்கு அது வேணும்னுதான் வர்றோம். கூரை கேட்டோமா? மெத்தை கேட்டோமா? உங்களுக்கு வேணும், அதுக்கு எங்க கைல பணம் கேக்கறீங்க. போயிருவேன், போயிருவேன்னு பூச்சாண்டி காட்டறீங்க. எங்க புருஷன்மாருங்க, அப்பன்மாருங்க உக்காந்த இடம் அது. அதை இடிக்க நீங்க யாரு?"

கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. மறுநாள் பேப்பரில் அவள் படம் வந்தது. டிவிக்காரன் வீட்டு வாசலுக்கே வந்தான். வரி வேண்டாம் என்றவர்களுக்கெல்லாம் அதுவரை முகம் இல்லை. பச்சைச் சட்டை போட்ட ஒரு விதவைக் கிழவி அவர்களுக்கு முகமாகக் கிடைத்துவிட்டாள். அவள் பேசியதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. என்னைக் கேட்டால், அந்த ஸ்டேடியம் எங்கள் ஊருக்கு வேண்டியதே இல்லை, இன்றைக்கும் அதையே சொல்வேன். ஆனாலும் வீட்டுக்கு வந்து கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தபோது லொரேனுக்குத் திருடி மாதிரி இருந்தது.

வாக்கெடுப்பில் 'வேண்டாம்' மயிரிழையில் ஜெயித்தது. மயிரிழைதான், அதனால்தான் எல்லோருடைய விரலும் அவள் பக்கம் நீண்டது. அவள் பேச்சு இல்லாவிட்டால் முடிவு மாறியிருக்கும் என்று வென்றவர்களும் சொன்னார்கள், தோற்றவர்களும் சொன்னார்கள்.

முதலாளி காட்டியது பூச்சாண்டி இல்லை. பனிக்காலம் முடிவதற்குள் தெற்கே ஒரு வெயில் ஊர் அவனுக்குக் கேட்டதையெல்லாம் தூக்கிக் கொடுத்துவிட்டது. ஸ்டோக்கர்ஸ் மூட்டை கட்டியது. சட்டை, சின்னம், பேர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனான் அந்தப் புண்ணியவான். கரியே பார்க்காத ஊரில், உலைக்குக் கரி அள்ளிப் போடுகிற ஸ்டோக்கர் என்றால் யாருக்கு என்ன தெரியும்?

ஊர் செத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வதென்று தெரியாமல் ஆண்கள் வண்டியைக் கழுவினார்கள், கழுவின வண்டியை மறுபடி கழுவினார்கள். கடையில் லொரேன் வந்து நின்றால் பேச்சு நின்றது. அவள் வீட்டுக் கதவில் யாரோ முட்டை அடித்துவிட்டுப் போனார்கள். எல்மர் கோயிலில் பூசை நடுவே எல்லோரும் பக்கத்திலிருப்பவருக்குச் சமாதானம் சொல்லிக் கை கொடுக்கிற நேரத்தில், அவளைப் பார்த்ததும் கையைப் பையில் விட்டுக்கொண்டான். அவளோ எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள். டீம் போனால் என்ன, கஸ் இருக்கிறானே என்று நினைத்தாள். ஸ்டேடியத்துக் கதவுகளில் பூட்டுத் தொங்கியது. அவள் வேலிக்கு வெளியே காரை நிறுத்தி, மேல்தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அப்புறம் கவுண்டிக்காரர்கள் கூடிப் பேசினார்கள். ஆடாத ஸ்டேடியத்துக்கு எதற்குக் காவல், எதற்கு விளக்குச் செலவு? இடித்துவிடலாம் என்று முடிவாயிற்று. அதற்கு யாரிடமும் வாக்குக் கேட்கவில்லை.

அதே வாரம் டென்னி இறங்கி வந்து சமையலறை வாசலில் நின்றான். "தெக்க அந்த டீமுக்கு ஸ்டேடியம் கட்ட ஆள் எடுக்கறாங்க. நான் பேரு குடுத்துட்டேன்."

"எத்தனை நாளைக்கு?"

"தெரியல. அங்கயே வீடு பாத்துக்கலாம்னு இருக்கேன். இங்க என்ன இருக்கு?"

அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள். அவன் சாதாரணமாகச் சொன்னான். லொரேன் அடுப்பைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

இடிப்பதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, இருக்கைகளை விலைக்கு வாங்கியவர்கள் வந்து கழற்றிக்கொண்டு போகலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். டென்னி அம்மாவிடம் சொல்லாமல் அப்பாவின் இருக்கையை வாங்கி வைத்திருந்தான். "போறதுக்கு முன்னாடி உனக்கு எதாச்சும் குடுக்கணும்னு தோணுச்சு" என்று அவளை வண்டியில் ஏற்றினான்.

மேல்தட்டில் காற்று ஊளையிட்டது. எங்கே பார்த்தாலும் ஸ்பானரும் சுத்தியலுமாக ஆட்கள், சில பேர் அழுதுகொண்டே கழற்றினார்கள். ஒரு இருக்கை தள்ளி எல்மர் தன் இருக்கையின் துருப்பிடித்த போல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான், நிமிர்ந்து பார்க்கவில்லை. டென்னி நாலு போல்ட்டையும் அனாயாசமாகக் கழற்றி, இருக்கையைத் தூக்கி அவளிடம் காட்டினான்.

"இந்தாம்மா. அப்பா சீட்டு."

லொரேன் இருக்கையைப் பார்க்கவே இல்லை. அவள் இரண்டு கையாலும் கம்பத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா? குளிருதா?"

"டென்னி." அவள் கம்பத்தை விடாமல் சொன்னாள். "அப்பா இதுல இருக்காருடா."

"என்ன சொல்ற?"

சொன்னாள். ஆஸ்பத்திரியில் கேட்டது, கரியடுப்பு, கலசம், ஸ்வெட்டருக்குள் பைகள், எல்லாவற்றையும் அவன் முகத்தைப் பார்க்காமல் கம்பத்தைப் பார்த்தே சொன்னாள். முடித்தபோது எல்மரின் ஸ்பானர் சத்தமும் நின்றிருந்தது. அவன் மண்டியிட்ட நிலையிலேயே அவளைப் பார்த்தான்.

"இதுக்கா லொரேன்?" என்றான். "இதுக்காகவா எங்க டீமைத் தொரத்துன?"

டென்னி கையிலிருந்த இருக்கையைக் கீழே வைத்தான். "என்கிட்டச் சொல்லியிருக்கலாமேம்மா. என் வண்டியில கட்டிங் மெஷின் கெடக்கு. இதை அறுத்து எடுக்கப் பத்து நிமிஷம் ஆகாது. ஸ்டேடியம் வந்தா என்ன, வராட்டி என்ன? அறுத்து வீட்டுக்கே கொண்டாந்து குடுத்திருப்பேன்" என்றான்.

பத்து நிமிஷம்! லொரேனுக்குக் காதுக்குள் ரயில் ஓடியது. அவள் அந்த நினைப்பை முழுசாக நினைத்து முடிப்பதற்குள் டென்னி படியிறங்கிப் போய் மெஷினோடு திரும்பி வந்தான். பொறி பறந்தது. கம்பத்தை அடியோடு அறுத்து, பத்திரமாகச் சாய்த்து, தன் கோட்டைக் கழற்றித் தரையில் விரித்து அதன்மேல் கவிழ்த்தான்.

துருத் தண்ணீர் கொஞ்சம் கொட்டியது. மட்கிப்போன கடலைத்தோல் விழுந்தது. டென்னி குழாயைத் தட்டினான். மறுபடி தட்டினான். வேறொன்றும் விழவில்லை.

"எங்கடா?" என்றாள் லொரேன். "எங்கடா அவரு?"

டென்னி தரையில் மிச்சமிருந்த குழாயின் அடிக்கட்டையை விரலால் தடவினான். அதில் ஓரமாக ஒரு சின்ன ஓட்டை இருந்தது. அதிலிருந்து ஒரு சாம்பல் நிறக் கறை கிளம்பி, படி படியாக இறங்கிக் கீழே சாக்கடைக் கம்பி வரைக்கும் போயிருந்தது. எத்தனையோ பேர் மிதித்து மிதித்துப் பாதி அழிந்த கறை.

"எல்லாக் கம்பத்துலயும் இந்த ஓட்டை விடுவோம்மா. தண்ணி நின்னா குளிர்ல உறைஞ்சு பைப்பு வெடிச்சுரும்." அவன் குரல் உடைந்தது. "மழையில போயிருக்கும். எப்பவோ போயிருக்கும்."

"மழை மட்டுமா?" என்று எல்மர் மெல்லச் சொன்னான். அவன் குத்திக்காட்டச் சொன்னானா, தன்னையறியாமல் வாயில் வந்துவிட்டதா தெரியவில்லை. உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆனால் லொரேனுக்குப் புரிந்துவிட்டது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு மடக்கு, ஆட்டம் சூடு பிடித்தால் இன்னொரு மடக்கு. "குடிங்க, குடிங்க" என்று ஊற்றி ஊற்றி, கட்டின புருஷனை அவளே சாக்கடைக்குக் கழுவி விட்டிருக்கிறாள். வெறும் குழாயைக் காப்பாற்றத்தான் கூட்டத்தில் எழுந்து நின்று அந்தப் பேச்சுப் பேசியிருக்கிறாள்.

அவள் அழவில்லை, அழுகை வரவில்லை. டென்னி இருக்கையை ஒரு கையிலும் அவளை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு படியிறங்கினான். கறை இருந்த படிகளில் அவள் ஓரமாகக் கால் வைத்து இறங்கினாள்.

அவன் கிளம்புகிற நாள் காலையில், சாமான் ஏற்றிய வண்டியை நேராக நெடுஞ்சாலைக்கு விடாமல் கல்லறைப் பக்கம் திருப்பினான். நெடுஞ்சாலை முனை வரைக்கும் வழியனுப்பப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்திருந்த லொரேன் திடுக்கிட்டாள். அந்தச் சனிக்கிழமைக்கு அப்புறம் இருவரும் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

"இங்க எதுக்குடா? அது அடுப்புச் சாம்பல்டா. கரி."

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு?"

டென்னி வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான். "இத்தனை வருஷமா நான் பேசினதெல்லாம் இங்கதானேம்மா இருக்கு. வேற எங்க போயி அவர்கிட்டச் சொல்லுவேன்?"

அவன் போய்க் கல்லின் முன்னால் வழக்கம்போல் முட்டி போட்டான். வலிக்கிற முட்டியை மெல்ல மடக்கி, தொப்பியைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தான். "அப்பா, நான் கெளம்பறேன்" என்றான். "அம்மா தனியா இருக்கும். பாத்துக்க."

லொரேன் பின்னால் அவன் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போகாதேடா என்று சொல்ல நினைத்தாள். ஆனால் அவனை அனுப்பி வைத்தவளே அவள்தான், எந்த வாயால் அதைச் சொல்வாள்? அவன் எழுந்ததும் தொப்பியைத் தட்டிவிட்டுக் கொடுத்தாள்.